பழைய வீட்டுக் குளியலறை: உடைக்கும் முன் தண்ணீரின் வழியைக் கண்டுபிடியுங்கள்

கேள்வி: எங்கள் வீடு தாத்தா கட்டியது, எழுபது வருடம் இருக்கும். மாடிக் குளியலறையில் கழிப்பறைப் பீங்கானை மட்டும் இடையில் மாற்றியிருக்கிறார்கள். தரையை யாரும் தொட்டதில்லை. பூப்போட்ட சிமென்ட் கற்கள், பித்தளைக் குழாய்கள், கனமான பழைய வாஷ்பேசின். இரண்டு வருடமாகக் கீழ் அறையின் சீலிங்கில் கறை பரவுகிறது. குளியலறைச் சுவரின் மறுபக்கத்தில் வெள்ளைப் பொடி உதிர்கிறது. தரையில் ஒரு மூலையில் தண்ணீர் நிற்கிறது, அவ்வப்போது நாற்றமும் வருகிறது. கீசரைப் போட்டால் சில நாள் ட்ரிப் ஆகிறது. ஒரு ஒப்பந்தக்காரர், "செங்கல் தெரியும்வரை எல்லாவற்றையும் உடைத்துப் புதிதாகப் போட வேண்டும்" என்கிறார். இன்னொருவர், "உடைக்கவே வேண்டாம், பழைய தரைமேலேயே டைல்ஸ் ஒட்டி ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்கிறார். அம்மாவுக்கு 74 வயது, மூட்டுவலி. அந்தத் தரையை மாற்றவே கூடாது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். ஒருவர் எல்லாவற்றையும் உடைக்கச் சொல்கிறார், இன்னொருவர் எதையும் உடைக்காதே என்கிறார். ஆனால் தண்ணீர் எங்கிருந்து கசிகிறது என்று இருவருமே பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் முழுவதையும் உடைத்தால் நன்றாக இருக்கும் தரையும் வீணாகப் போகலாம். அது தெரியாமல் மேலே டைல்ஸ் ஒட்டினால் கசிவு அப்படியே உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரிவது மட்டும் சில காலம் நிற்கும். கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான் எந்த வேலையைச் செய்வது என்று தீர்மானிக்க வேண்டும்.

குளியலறையிலிருந்து கீழே தண்ணீர் இறங்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தண்ணீர் வரும் குழாய். இதில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், யாரும் குளிக்காவிட்டாலும் இரவும் பகலும் கசியும். இரண்டு, கழிவுநீர் போகும் குழாய். பயன்படுத்தும்போது மட்டும் கசியும். மூன்று, தரையும் சுவரும். அதாவது கற்களுக்கு இடையிலுள்ள இணைப்பு, தரையும் சுவரும் சேரும் மூலை, வடிகாலைச் சுற்றியுள்ள விளிம்பு. தரை நனைந்தால்தான் இங்கே கசியும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். முதலில் கீழ் அறையில் ஏணி போட்டு ஏறி, கறையின் ஓரத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதிவிடுங்கள். அப்புறம் நாலைந்து நாள் அந்தக் குளியலறையைப் பூட்டி வையுங்கள், ஆனால் குழாய்களில் தண்ணீர் இருக்கட்டும். வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவில் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் இல்லாவிட்டால் தொட்டிக்கு வரும் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியின் மட்டத்தைக் குறித்து வைத்துக் காலையில் பாருங்கள். மீட்டர் ஓடியிருந்தாலோ, மட்டம் இறங்கியிருந்தாலோ, கறை கோட்டைத் தாண்டியிருந்தாலோ, தண்ணீர் வரும் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் உணவு வண்ணத்தைக் கலந்து வைத்தால், அதன் வால்வு ஒழுகுகிறதா என்பதும் தெரிந்துவிடும்: ஃப்ளஷ் செய்யாமலே பீங்கானுக்குள் வண்ணம் இறங்கும்.

அது ஒன்றுமில்லை என்றால், ஒரு ஹோஸ் குழாயை வடிகாலுக்குள் விட்டு, தரை நனையாமல் அரை மணி நேரம் தண்ணீர் விடுங்கள். அடுத்த நாள் கீழே ஈரம் கூடியிருந்தால் கழிவுநீர்க் குழாயில் பழுது. அதுவும் சரியாக இருந்தால், இரண்டு மூன்று நாள் காய விட்டு, வடிகாலை அடைத்துத் தரையில் ஓர் அங்குலத்துக்குத் தண்ணீர் தேக்கி 24 மணி நேரம் வையுங்கள். கறை வளர்ந்தால் தரையும் மூலைகளும்தான் காரணம். ஒரே நாளில் எல்லாவற்றையும் சோதிக்காதீர்கள். பழைய தளம் தண்ணீரை உறிஞ்சி மெதுவாகத்தான் விடும், எந்தச் சோதனையின் ஈரம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போகும். அந்த நாட்களில் மழை பெய்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கூரையிலோ வெளிச்சுவரிலோ உள்ள விரிசலுக்குக் குளியலறை பழி சுமப்பது நடக்கும்.

தண்ணீர் தேக்குவதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கீழே சீலிங்கைக் கவனமாகப் பாருங்கள். கான்கிரீட் தளமாக இருந்து, காரை பெயர்ந்து கம்பி தெரிந்தாலோ, தட்டினால் பொக்கென்று சத்தம் வந்தாலோ, கம்பி துருப்பிடித்து ஊதியிருக்கிறது என்று பொருள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு கான்கிரீட்டைப் பிளக்கும். மர உத்திரங்கள் தாங்கும் தளமாக இருந்தால், சுவருக்குள் போகும் முனைகளில் ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பாருங்கள். எளிதாக உள்ளே இறங்கினால் மரம் உளுத்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் தண்ணீர் தேக்கும் சோதனையைச் செய்யாமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அதுவரை கீழ் அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கறை தெரியும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். தளத்துக்குள் வாட்டம், அதாவது சரிவு, எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும், குழாயின் வெளிப்புறத்தைப் பிடித்துக்கொண்டும் ஓடும். இரண்டு மீட்டர் தள்ளி வெளியே வந்தால்கூட ஆச்சரியம் இல்லை.

சரி, காரணம் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

குழாய்தான் காரணம் என்றால் தரை தப்பிக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. உங்கள் வீட்டின் வயதுக்கு ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், இருக்கலாம். அவற்றின் துத்தநாகப் பூச்சு உள்ளே கரைந்து, துரு படிந்து, குழாயின் வாய் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் பழுப்பாக இருப்பதும், ஒரு குழாயைத் திறந்தால் இன்னொன்றில் வேகம் குறைவதும் இதற்கான அடையாளங்கள். இப்படிப்பட்ட குழாயில் கசியும் ஓர் இணைப்பை மட்டும் மாற்றிப் பலனில்லை. குளியலறைக்கு வரும் கிளை முழுவதையும் மாற்றுங்கள். பழைய ஜி.ஐ. குழாயோடு புதிய செம்புக் குழாயை நேரடியாக இணைக்க விடாதீர்கள். இரண்டு உலோகங்களும் ஈரத்தில் சேரும்போது ஜி.ஐ. பக்கம் வேகமாக அரிக்கும். இடையில் மின்காப்பு இணைப்பு வேண்டும்.

சாம்பல் நிறத்தில் மிருதுவாக, சுரண்டினால் வெள்ளியாகப் பளபளக்கும் குழாய் ஏதேனும் இருந்தால், அதில் காந்தம் ஒட்டவில்லை என்றால், அது ஈயக் குழாய். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கிடையாது. வேறு எந்த வேலையை ஒத்திப்போட்டாலும் ஈயக் குழாயை அகற்றுவதை ஒத்திப்போடாதீர்கள், அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள். அதேபோல, பழைய கழிவுநீர்க் குழாயோ கூரைத் தகடோ ஆஸ்பெஸ்டாஸ் சிமென்டாக இருக்கக்கூடும். அதை அறுப்பதும் துளைப்பதும் உடைப்பதும் ஆபத்து, தூளை மூச்சில் இழுத்தால் பல வருடம் கழித்து நுரையீரல் நோயாக வரும். சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை யாரையும் சுத்தியல் எடுக்க விடாதீர்கள். மாதிரி எடுப்பதையும் அதற்குப் பயிற்சி பெற்றவரிடமே விடுங்கள்.

புதுக் குழாய்களைச் சுவருக்குள் மறைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பழைய வீடுகளில் நேர்த்தியாகக் க்ளாம்ப் அடித்து வெளியே ஓடும் குழாயையே நான் விரும்புகிறேன். பழுது வந்தால் அன்றைக்கே தெரியும், சுவரும் பிழைக்கும். மறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் காடி, அதாவது குழாயைப் பதிக்கும் பள்ளம், வெட்டுவதில் கவனம் வேண்டும். செங்கல் சுவரில் செங்குத்தான காடி சுவர்க் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும், கிடைமட்டக் காடி ஆறில் ஒரு பங்குக்கும் மேல் ஆழமாகப் போகக்கூடாது. 230 மி.மீ. சுவருக்குக் கிடைமட்டமாக 38 மி.மீ.தான் கணக்கு. சுமை தாங்கும் சுவரில் நீளமாகக் கிடைக்காடி போடுவதை நான் அனுமதிப்பதே இல்லை. மூடுவதற்கு முன் வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு அழுத்தம் ஏற்றிச் சில மணி நேரம் வைத்துப் பாருங்கள். அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து வையுங்கள். பத்து வருடம் கழித்து ஓர் ஆணி அடிக்கப் போகிறவருக்கு அது உதவும்.

சுவரின் மறுபக்கத்து வெள்ளைப் பொடியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உப்பு. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வந்து ஆவியாகும்போது, கரைந்திருந்த உப்பை மேற்பரப்பில் விட்டுவிட்டுப் போகிறது. இதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி அள்ளிவிடுங்கள். உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருக்க வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட சுவர் ஈரத்தை உறிஞ்சும், மெல்ல வெளியேயும் விடும். "பொடி உதிர்கிறதே, சிமென்ட் பூசி பிளாஸ்டிக் பெயின்ட் அடித்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சுவர் மூச்சு விடும் ஒரே பக்கத்தையும் அடைத்தால் ஈரம் இன்னும் மேலே ஏறி வேறு இடத்தில் வெடிக்கும். குளிக்கும் பக்கத்தில் நீர்த்தடுப்பு, மறுபக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு, அதுதான் சரியான ஏற்பாடு. கசிவை நிறுத்திய உடனே கறை மறைந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடித்த சுவர் உலர மாதத்துக்கு ஓர் அங்குலம் என்பது எங்கள் தொழிலில் பொதுவான கணக்கு. அவசரப்பட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டாம்.

இனி தரை. அம்மா அதை விட மறுப்பது எனக்குப் புரிகிறது. அந்தக் கற்கள் சூளையில் சுட்டவை அல்ல. வண்ணம் கலந்த சிமென்டை அச்சில் ஊற்றி, பின்னால் சிமென்ட் கலவை வைத்து, அழுத்தி எடுத்து, ஈரத்தில் பதப்படுத்தியவை. வண்ண அடுக்குச் சில மில்லிமீட்டர் கனம் இருக்கும், அதனால்தான் எழுபது வருடம் மிதித்தும் பூ அழியவில்லை. அவற்றுக்கு எதிரி ஆசிட். பாத்ரூம் கழுவும் ஆசிட், வினிகர், எலுமிச்சை எதுவும் படக்கூடாது, சிமென்டை அரித்து நிறத்தை வெளுக்க வைத்துவிடும். அமிலமும் காரமும் இல்லாத மிதமான சோப்புத் தண்ணீர் போதும். நன்றாகக் காய்ந்த பிறகு, மேலே படலமாக நிற்காமல் உள்ளே ஊறும் சீலர் அடிக்கலாம்.

தண்ணீர் தேக்கிய சோதனையில் தரை தேறிவிட்டால் அதைத் தொடவே வேண்டாம். தேறவில்லை என்றால் கற்களை எடுத்துத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் நீர்த்தடுப்புக் கற்களுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். கல்லும், கற்களின் இடைவெளியை நிரப்பும் க்ரவுட் கலவையும் தண்ணீரைத் தடுப்பதில்லை, எந்த விலையில் வாங்கினாலும் சரி. எடுப்பதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிப்பவை எளிதாக எழும்பும். தரையை முழுவதும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, அதே எண்ணை ஒரு தாளில் வரைந்து வையுங்கள். கதவோரத்திலிருந்தோ ஏற்கெனவே உடைந்த கல்லிலிருந்தோ தொடங்கி, தட்டையான உளியைக் கல்லுக்கு அடியில் கிடையாக விட்டு நிதானமாக எடுக்கச் சொல்லுங்கள். மின்சார பிரேக்கர் கூடாது. எவ்வளவு கவனமாக எடுத்தாலும் கொஞ்சம் உடையும். அம்மாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், உடைந்த பிறகு சொன்னால் மனசு தாங்காது.

மிஞ்சும் கற்களை முழுக் குளியலறைக்கும் நீட்டிப் பார்க்காதீர்கள். குளிக்கும் இடத்துக்கு வழுக்காத சின்ன அளவு டைல்ஸ் போடுங்கள். சின்னதாக இருந்தால் இணைப்புக் கோடுகள் கூடும், காலுக்குப் பிடிமானமும் கூடும். பழைய பூக்கற்களை வாஷ்பேசினுக்கு முன்னால், கதவருகில், ஈரம் குறைந்த பகுதியில் பதியுங்கள். அம்மா உள்ளே வரும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் படி வேண்டாம், வாட்டத்தாலேயே பிரியுங்கள்.

பழைய தரைமேல் டைல்ஸ் ஒட்டும் யோசனை உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. 10 மி.மீ. டைலே சதுர மீட்டருக்கு 20 கிலோவுக்கு மேல் எடை. ஏற்கெனவே சந்தேகத்தில் இருக்கும் தளத்துக்கு இன்னும் சுமை எதற்கு? தரை உயர்வதால் கதவு தட்டும், வடிகால் பள்ளத்தில் போகும், அடியில் இருக்கும் ஈரத்துக்கு வெளியேற வழி இருக்காது. நிலையான, உலர்ந்த, கசிவில்லாத தரையில் அந்த முறையில் தவறு ஒன்றும் இல்லை. உங்களுடையது அப்படிப்பட்ட தரை அல்ல.

கற்களை எடுத்த பிறகு செய்யும் வேலைதான் இந்தப் புதுப்பித்தலின் உயிர். பணத்தைச் சேமிக்க வேண்டும் என்றால் குழாயின் மாடலில், கண்ணாடியில் சேமியுங்கள், இங்கே வேண்டாம். அடித்தளத்திலேயே வாட்டம் கொடுக்க வேண்டும், மீட்டருக்கு 15 முதல் 20 மி.மீ. சரிவு, எல்லாப் பக்கமும் வடிகாலை நோக்கி. ரசமட்டம் வைத்து நீங்களே பாருங்கள். இப்போது உங்கள் மூலையில் நிற்கும் தண்ணீருக்குக் காரணம் இந்த வாட்டம் இல்லாததுதான், அல்லது தளம் தொய்ந்ததுதான். தரையும் சுவரும் சேரும் மூலையை வளைவாகப் பூசி, அதன்மேல் ஃபைபர் வலைப்பட்டை பதித்து, நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்க வேண்டும். சுவரில் எல்லாப் பக்கமும் குறைந்தது 150 மி.மீ. உயரம், ஷவர் உள்ள சுவரில் ஆள் உயரத்துக்கு, 1.8 மீட்டர் வரை. வடிகாலின் வாய்க்குள்ளும் பூச்சு இறங்க வேண்டும், கசிவு பெரும்பாலும் அந்த விளிம்பில்தான் தொடங்குகிறது. பூச்சு முழுதாகக் காய்ந்ததும் மறுபடி வடிகாலை அடைத்துத் தண்ணீர் தேக்கி, இந்த முறை 48 மணி நேரம் வையுங்கள். கீழே ஒரு சொட்டு இல்லை என்று பார்த்த பிறகுதான் முதல் கல் பதிய வேண்டும். டைல்ஸ் போட்ட பின், தரையும் சுவரும் சேரும் கோட்டில் க்ரவுட் வேண்டாம், சிலிக்கான் போடுங்கள். இரண்டும் வெவ்வேறாக அசையும், க்ரவுட் விரிந்துவிடும்.

நாற்றத்துக்குப் பெரும்பாலும் ட்ராப்தான் காரணம். வடிகாலுக்கு அடியிலுள்ள வளைவில் 50 மி.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நின்று சாக்கடைக் காற்றைத் தடுக்க வேண்டும். பழைய வீடுகளில் ட்ராப்பே இல்லாமல் இருக்கலாம், அல்லது காற்றுக்குழாய் இல்லாததால் ஃப்ளஷ் செய்யும்போது அந்தத் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகலாம். ஃப்ளஷ் செய்தவுடன் தரை வடிகாலில் கொளக் கொளவென்று சத்தம் கேட்டால் இரண்டாவதுதான். தரையைத் திறக்கும்போதே இதைச் சரிசெய்ய வேண்டும். புதுக் கழிப்பறைப் பீங்கான் வாங்குவதற்கு முன், முடித்த சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம்வரை அளந்துகொள்ளுங்கள். இன்று கடையில் கிடைப்பவை பல 305 மி.மீ. தூரத்துக்குச் செய்தவை. பழைய வீட்டின் அளவு அதோடு பொருந்தாமல் போவது சாதாரணம், அந்த ஒரு அளவுக்காகத் தளத்தை உடைத்தவர்கள் உண்டு. துளை தரையில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கீசர் ட்ரிப் ஆவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்றிலிருந்தே அதைப் போடுவதை நிறுத்துங்கள். "சுவிட்ச் ரொம்ப சென்சிட்டிவ், பெரிதாக மாற்றிவிடலாம்" என்று சொல்கிறவரை அனுப்பிவிடுங்கள். கீசரின் ஹீட்டரில் மின்கசிவு இருக்கலாம், ஈரச் சுவருக்குள் பழைய ஒயர் உரிந்திருக்கலாம், அல்லது மெல்லிய ஒயரில் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடலாம். 3 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும், அதற்குத் தனி ஒயர் வேண்டும். உண்மையான எர்த் இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்சும் இல்லாமல் எந்தக் குளியலறையும் முடிந்ததாகக் கணக்கில்லை. பிளக் பாயின்ட் குளிக்கும் இடத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று போதும், ஆனால் அது நேராக வெளியே தள்ள வேண்டும். பரணுக்குள்ளோ பொய்க்கூரைக்குள்ளோ தள்ளினால் ஈரத்தை இடம் மாற்றுகிறீர்கள், அவ்வளவுதான். கதவுக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், காற்று உள்ளே வந்தால்தான் வெளியே போகும்.

அம்மாவுக்காகச் செய்ய வேண்டியதைக் கட்டும்போதே செய்துவிடுங்கள். கைப்பிடிக் கம்பிகள் தரையிலிருந்து 850 முதல் 900 மி.மீ. உயரத்தில், கழிப்பறைக்குப் பக்கத்திலும் குளிக்கும் இடத்திலும். அவை ஆளின் முழு எடையைத் தாங்க வேண்டும். சுண்ணாம்புக் காரையில் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டிய கம்பி ஆபத்து, அது இல்லாமல் இருப்பதே மேல். செங்கல்லுக்குள் ஆழமாக இறங்கும் போல்ட்டோ, பூசும் முன்பே பதித்த தாங்கியோ வேண்டும். இருக்கை உயரம் 450 மி.மீ. அளவில் இருந்தால் மூட்டுவலிக்காரர் எழுவது எளிது. கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே அடைத்துவிடும்.

பித்தளைக் குழாய்களைக் கழற்றி எறிய விடாதீர்கள். ஒழுகுவது பெரும்பாலும் தேய்ந்த வாஷரால்தான். வாஷர் மாற்றியும் நிற்கவில்லை என்றால், அது உட்காரும் இடத்தை ஒரு பிளம்பர் தேய்த்துச் சமப்படுத்தித் தருவார். அதன் ஈயக் கலப்பு தெரியாததால் அதிலிருந்து குடிக்க மட்டும் எடுக்காதீர்கள். வாஷ்பேசினில் முடியளவு விரிசல்கூட இல்லை என்றால் அதையும் மீண்டும் மாட்டலாம், அதன் கனத்துக்கு ஏற்ற தாங்கி போட்டு.

கடைசியாக, ஒப்பந்தம். ஒரே தொகையாகப் பேசாமல், குழாய் அழுத்தச் சோதனை முடிந்த பிறகு ஒரு பங்கு, 48 மணி நேரத் தண்ணீர் தேக்கம் தேறிய பிறகு ஒரு பங்கு, எல்லாம் முடிந்து ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு கடைசிப் பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் வந்த இருவரில் யார் இந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறாரோ அவரிடம் மேற்கொண்டு பேசலாம். தரையைத் திறக்கும்படி ஆனால் ஒரு வாரத்தில் இது முடியாது. காய வேண்டியவை காயவும், சோதிக்க வேண்டியவற்றைச் சோதிக்கவும் சேர்த்து ஐந்தாறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் அம்மா மாடி ஏறாமல் கீழேயே இருக்க ஏற்பாடு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.